டீனோ ஜோஃப்: கோல்கீப்பராகவும் பயிற்சியாளராகவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய கோல்கீப்பர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இன்று புஃபோன் பெயர் வரும், டொன்னாரும்மா பெயர் வரும். அவர்களுக்கு முன்னால் நின்ற டீனோ ஜோஃப்பைப் பற்றிக் கேட்பவர்களிடம் பாதித் தகவல்தான் இருக்கிறது. நாற்பது வயதில் உலகக் கோப்பை வென்றவர் என்று ஒருவர் சொல்வார். அரசியல்வாதி பெர்லுஸ்கோனியோடு சண்டை போட்டுப் பதவி விலகியவர் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் ஒரே மனிதர்தானா என்று மூன்றாமவர் கேட்பார். ஒரே ஐயங்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, பதில்களை ஓரிடத்தில் தொகுத்து வைக்கலாம் என்று தோன்றியது.

யார் இந்த டீனோ ஜோஃப்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

1982 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியின் கேப்டனும் கோல்கீப்பரும் அவரே; பின்னாளில் யுவென்டஸ், லாட்சியோ, ஃபியோரென்டினா ஆகிய கிளப்களுக்கும் இத்தாலி தேசிய அணிக்கும் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே.

1942 பிப்ரவரி 28 அன்று, இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃப்ரியுலி பகுதியைச் சேர்ந்த மரியானோ தெல் ஃப்ரியுலி என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஃப்ரியுலிக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள், வேலையில் குறை வைக்க மாட்டார்கள் என்று இத்தாலியர்கள் சொல்வது வழக்கம். ஊரைப் பற்றிய இப்படிப்பட்ட பொதுப்பேச்சுகளை நான் பொதுவாக நம்புவதில்லை. ஜோஃப்பின் வாழ்க்கையைப் படித்தால், இவரை வைத்துத்தான் அந்தப் பேச்சு பிறந்ததோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

சிறுவயதில் உயரம் போதாது என்று நிராகரித்தார்களாமே? முட்டைக் கதை உண்மையா?

உண்மை. ஏறக்குறைய பதினான்கு வயதில் இன்டர் மிலான், யுவென்டஸ் இரண்டு கிளப்களிலும் தேர்வுக்குப் போனார். உயரம் போதாது என்று இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் பாட்டி அதெலெய்டே கண்டுபிடித்த மருந்து முட்டை: நாளைக்கு எட்டு. அடுத்த ஐந்து ஆண்டுகளில் பேரன் 33 சென்டிமீட்டர் வளர்ந்தான். முட்டைதான் காரணமா, வளரும் வயதா என்று யாரால் சொல்ல முடியும்? ஜோஃப் பாட்டிக்கே நன்றி சொல்லிவந்தார். அன்று வேண்டாம் என்ற யுவென்டஸ், முப்பது வயதில் அவரைத் தேடி வந்து வாங்கியது.

தந்தையைப் பற்றியும் ஜோஃப் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு. கோல் வாங்கிய ஓர் ஆட்டத்துக்குப் பிறகு, அந்த இடத்திலிருந்து அடிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை என்று மகன் விளக்கம் சொன்னார். ஏன், நீ மருந்துக்கடையா நடத்துகிறாய் என்று கேட்டார் தந்தை. எதிர்பார்ப்பதுதானே உன் தொழில் என்பது பொருள். கோல்கீப்பிங் பற்றி இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் கேட்டதில்லை.

தொடக்கத்திலேயே பெரிய ஆளாகிவிட்டாரா?

இல்லை. 1961 செப்டம்பரில் ஊதினேசே அணிக்காக முதன்முதலாக இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ ஆட்டத்தில் இறங்கினார். எதிரணி ஃபியோரென்டினா. ஐந்து கோல் வாங்கினார்; ஆட்டம் 5-2. சில நாள் கழித்துத் திரையரங்கில் படத்துக்கு முன் காட்டும் செய்திப்படத்தில் அந்தக் கோல்கள் ஒவ்வொன்றாக ஓடியபோது, யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று இருக்கையில் சரிந்து ஒளிந்துகொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பருவத்தின் முடிவில் ஊதினேசே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

அங்கிருந்து 1963-இல் மான்டோவா, 1967-இல் நாபொலி, 1972-இல் யுவென்டஸ். மான்டோவா சிறிய கிளப். ஆனால் 1967-இல் பருவத்தின் கடைசி நாளில் அந்தச் சிறிய கிளப் இன்டர் மிலானை 1-0 என்று தோற்கடித்ததால்தான் பட்டம் இன்டர் கையிலிருந்து நழுவி யுவென்டஸுக்குப் போனது. மான்டோவாவின் கோலில் அன்று நின்றவர் ஜோஃப்.

யுவென்டஸில் அவர் வென்றவை என்னென்ன?

1972 முதல் 1983 வரை பதினொரு பருவங்களில் ஆறு சீரி ஆ பட்டங்கள், இரண்டு இத்தாலியக் கோப்பைகள், 1977-இல் யூஈஎஃப்ஏ கோப்பை. அந்த யூஈஎஃப்ஏ கோப்பை யுவென்டஸ் வென்ற முதல் ஐரோப்பியப் பட்டம். இறுதியில் அத்லெடிக் பில்பாவோவை எதிர்த்து ஆடிய அணியில் அத்தனை பேரும் இத்தாலியர். வெளிநாட்டு வீரர்களை வாங்குவதற்கு அப்போது இத்தாலியில் தடை இருந்தது.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொரு கணக்கு. சீரி ஆவில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 332 ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் 330 யுவென்டஸுக்காக. அன்று ஒரு பருவத்துக்கு 30 ஆட்டங்கள். பதினொரு ஆண்டுகள், ஒவ்வொரு வாரமும், சேறானாலும் பனியானாலும் அதே மனிதர் அதே கோலில். முப்பது வயதில் வந்து நாற்பத்தொன்றில் கிளம்பும்வரை ஒரு லீக் ஆட்டத்தில்கூட மாற்று கோல்கீப்பர் தொடக்கத்திலிருந்து ஆடவில்லை.

கிளப்களுக்கான ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை வென்றாரா?

இல்லை. இரண்டு முறை இறுதிவரை போய் இரண்டிலும் 1-0 என்று தோற்றார். 1973-இல் பெல்கிரேடில் அயாக்ஸ் அணியின் யோனி ரெப் அடித்த கோல். 1983-இல் ஏதென்ஸில் ஹாம்பர்க் அணியின் ஃபெலிக்ஸ் மகாத் ஒன்பதாவது நிமிடத்தில் தூரத்திலிருந்து அடித்த கோல். அவருடைய சேகரிப்பில் விடுபட்ட பெரிய கோப்பை அது ஒன்றுதான்.

இத்தாலிக்கு எத்தனை ஆட்டங்கள் ஆடினார்?

112. ஓய்வு பெற்றபோது அது இத்தாலியச் சாதனை. பின்னர் மால்தீனி, கன்னவாரோ, புஃபோன் போன்றோர் அதைக் கடந்தார்கள். முதல் ஆட்டம் 1968 ஏப்ரலில் நேப்பிள்ஸில், பல்கேரியாவுக்கு எதிரான ஐரோப்பிய சாம்பியன்ஷிப் காலிறுதி. கடைசி ஆட்டம் 1983 மே 29 அன்று கோத்தன்பர்கில், ஸ்வீடனுக்கு எதிராக. ஏதென்ஸ் தோல்விக்கு நான்கே நாள் கழித்து.

1968 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை இத்தாலி நாணயம் சுண்டி வென்றது என்கிறார்களே?

பாதி சரி. நாணயம் சுண்டியது அரையிறுதியில். சோவியத் ஒன்றியத்துடன் நேப்பிள்ஸில் நடந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0-0. பெனால்டி முறை அப்போது நடைமுறையில் இல்லை. கேப்டன் ஃபாக்கெட்டி உள்ளே போய் நாணயத்தில் வென்று வந்தார்.

யூகோஸ்லாவியாவுடனான இறுதி ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்ததால், இரண்டு நாள் கழித்து ஜூன் 10 அன்று ரோமில் மறுபடியும் ஆடினார்கள். ரீவா, அனஸ்தாசி கோல்களால் இத்தாலி 2-0 என்று வென்றது. ஜோஃப் தேசிய அணிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐரோப்பிய சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை இரண்டையும் வென்ற ஒரே இத்தாலிய வீரர் அவர்தான்.

அப்படியானால் 1970 உலகக் கோப்பையில் அவர் ஏன் இல்லை?

அணியில் இருந்தார், களத்தில் இல்லை. அந்த ஆண்டு கல்யாரி அணி பட்டம் வென்றிருந்தது. அதன் கோல்கீப்பர் ஆல்பெர்தோசியைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்தார். பிரேசிலிடம் 4-1 என்று தோற்ற இறுதி ஆட்டத்தை ஜோஃப் வெளியிலிருந்து பார்த்தார்.

1142 நிமிடம் கோலே வாங்கவில்லை என்பது உண்மையா? எப்படிச் சாத்தியம்?

உண்மை. 1972 செப்டம்பரில் யூகோஸ்லாவியாவுடனான ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கினார். அதற்கடுத்த கோல் 1974 ஜூன் 15-இல். இடைப்பட்ட காலத்தில் பிரேசில் அணி ரோமுக்கு வந்து 2-0 என்று தோற்றுப் போனது. 1973 நவம்பரில் வெம்ப்லியில் இத்தாலி 1-0 என்று வென்றது. இங்கிலாந்து மண்ணில் இத்தாலி பெற்ற முதல் வெற்றி அது. கோல் அடித்தவர் ஃபாபியோ கபெல்லோ.

முடிவுக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? ஹைட்டி. முனிச்சில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில், இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியவுடன் எம்மானுவேல் சனோன் தற்காப்பைக் கடந்து ஓடிவந்து ஜோஃப்பையும் சுற்றிக்கொண்டு கோல் அடித்தார். இத்தாலி 3-1 என்று வென்றுவிட்டது. ஆனாலும் ஹைட்டியில் அந்த ஒரு கோலை இன்றும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடத் தகுந்ததுதான்.

2021-இல் டொன்னாரும்மா அந்தச் சாதனையை முறியடித்துவிட்டாரே?

இல்லை. இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. 2021-இல் முறியடிக்கப்பட்டது இத்தாலி அணியின் சாதனை. வெம்ப்லியில் ஆஸ்திரியாவின் கலாய்ஜிச் கோல் அடிக்கும்வரை அணி 1168 நிமிடம் கோல் வாங்காமல் இருந்தது. அந்த நிமிடங்களை ஒன்றுக்கு மேற்பட்ட கோல்கீப்பர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஒரே மனிதர் தொடர்ந்து நின்று காத்த சர்வதேசச் சாதனை என்றால் ஜோஃப்பின் 1142 நிமிடங்கள்தான்.

சீரி ஆ கணக்கு வேறு. 1972-73 பருவத்தில் ஜோஃப் 903 நிமிடம் கோல் வாங்காமல் இருந்தார். மிலான் அணியின் செபாஸ்தியானோ ரோஸி 929 நிமிடங்களோடு அதைக் கடந்தார். 2016-இல் புஃபோன் 974-க்குக் கொண்டுபோனார். அந்தச் சாதனை கைமாறிவிட்டது. சர்வதேசச் சாதனை மாறவில்லை.

அந்தக் காலத்தில் கோல்கீப்பர் வேலை எளிதுதானே? பின்னால் தட்டிவிடும் பந்தைக் கையால் எடுக்கலாமே?

எடுக்கலாம். சக வீரர் காலால் தட்டிவிடும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல்தான் வந்தது. ஜோஃப் காலத்துத் தற்காப்பு வீரர்கள் நெருக்கடி வந்தால் பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு மூச்சுவிட்டுக்கொண்டார்கள். நிமிடக் கணக்குகளை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. முன்னே நின்ற தற்காப்பும் சாதாரணமானதல்ல. யுவென்டஸில் ஜென்டிலே, ஷிரேயா, கப்ரீனி ஆகியோர் ஆடினார்கள்.

இருந்தாலும் அவர் எப்படி ஆடினார் என்று பாருங்கள். பாய்ந்து பறக்கும் காட்சிகள் குறைவு. பந்து வருமிடத்தில் ஏற்கெனவே நின்றிருப்பார். குத்தி விரட்டுவதைவிடப் பிடித்து வைப்பதையே விரும்பினார். கைக்கு வந்த பந்து அங்கேயே தங்கும். பார்ப்பவருக்குச் சலிப்புத் தரலாம். முன்னால் நிற்கும் தற்காப்பு வீரருக்கு இதைவிட நிம்மதி எதுவும் இல்லை.

1978-இல் அவருக்குக் கண் தெரியவில்லை என்று எழுதினார்களாமே?

எழுதினார்கள். அர்ஜென்டினாவில் நடந்த அந்த உலகக் கோப்பையில் இத்தாலி நான்காம் இடம் பெற்றது. நெதர்லாந்திடமும் பிரேசிலிடமும் கடைசி இரண்டு ஆட்டங்களில் 2-1 என்று தோற்றது. நெதர்லாந்தின் ஹான், பிரேசிலின் நெலின்யோ, திர்சேயு ஆகியோர் நெடுந்தொலைவிலிருந்து கோல் அடித்தார்கள். ஜோஃப்புக்கு வயது 36. தூரத்துப் பந்து தெரியவில்லை, ஆள் முடிந்துபோனார் என்று பத்திரிகைகள் எழுதின.

நெலின்யோவின் கோலைப் பாருங்கள். பந்து வலது ஓரத்திலிருந்து கிளம்பி வெளியே போவதுபோல் போய் வளைந்து உள்ளே வருகிறது. எந்தக் கண்ணாடி போட்டும் அதைத் தடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம். ஹான் அடித்ததைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அது பிடிக்கக்கூடிய பந்து. ஜோஃப் யாரிடமும் வாதிடவில்லை. பயிற்சியாளர் என்ட்சோ பேர்ட்சோத் அவரை மாற்றவும் இல்லை. பேர்ட்சோத்தும் ஃப்ரியுலிக்காரர் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

1982-இல் இத்தாலி வீரர்கள் பத்திரிகையாளர்களோடு பேசவே இல்லை என்கிறார்கள். ஜோஃப் மட்டும் பேசினாரா?

ஆம். முதல் சுற்றில் போலந்து, பெரு, கேமரூன் ஆகிய மூன்றோடும் சமன். ஓர் ஆட்டமும் வெல்லாமல் கோல் கணக்கில் தப்பித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். இத்தாலியப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. சொந்த வாழ்க்கையைப் பற்றியும் எழுதின. வீரர்கள் கூடிப் பேசிப் பத்திரிகைகளோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சிலென்ட்சியோ ஸ்டாம்பா (பத்திரிகை மௌனம்) என்று இத்தாலியில் இன்றும் வழங்கும் சொல் அங்கிருந்துதான் பரவியது. அணியின் சார்பாகக் கேப்டன் மட்டும் பேசுவார் என்று ஏற்பாடு. அணியிலேயே குறைவாகப் பேசும் மனிதரிடம் அந்த வேலை போய்ச் சேர்ந்தது.

அதன்பின் நடந்தது வரலாறு. அர்ஜென்டினா 2-1, பிரேசில் 3-2, அரையிறுதியில் போலந்து 2-0, ஜூலை 11 அன்று மாட்ரிட் பெர்னபேயு அரங்கில் மேற்கு ஜெர்மனி 3-1.

உலகக் கோப்பையில் ஆடிய மிக வயதான வீரர் அவர்தானா?

ஆடிய மிக வயதானவர் அல்ல. அது எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி. 2018-இல் 45 வயதில் ஆடினார், அவரும் கோல்கீப்பர். ஜோஃப் வைத்திருப்பது உலகக் கோப்பையை வென்ற மிக வயதான வீரர் என்ற சாதனை: 40 ஆண்டு 133 நாள்.

கோல்கீப்பராக இருந்துகொண்டு கேப்டனாகக் கோப்பை வாங்கிய முதல் ஆள் ஜோஃப்தானே?

பலர் தவறவிடும் கேள்வி. முதல் ஆள் 1934-இல் கோப்பை வென்ற இத்தாலியின் ஜான்பியேரோ கோம்பி. அவரும் யுவென்டஸ் வீரர். அந்த இறுதி ஆட்டத்தில் எதிரணியான செக்கோஸ்லோவாக்கியாவின் கேப்டன் பிளானிச்காவும் கோல்கீப்பர்தான். ஜோஃப் இரண்டாமவர். அவருக்குப் பின் 2010-இல் ஸ்பெயினின் கசியாஸ், 2018-இல் பிரான்ஸின் யோரிஸ்.

கோப்பையைத் தூக்கிய ஜோஃப்பின் கைகளை ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ வரைந்தார். இத்தாலி அதை அஞ்சல்தலையாக வெளியிட்டது. முகம் இல்லை, கைகள் மட்டும். ஒரு கோல்கீப்பருக்கு அதைவிடப் பொருத்தமான உருவப்படம் இருக்க முடியாது.

விமானத்தில் சீட்டாடும் அந்தப் புகைப்படத்தில் இருப்பவர்கள் யார்?

மாட்ரிட்டிலிருந்து திரும்பும் விமானத்தில் குடியரசுத் தலைவர் சாந்த்ரோ பெர்தீனி, பேர்ட்சோத், ஃப்ராங்கோ காவுசியோ, ஜோஃப். ஆட்டம் ஸ்கோப்போனே. பெர்தீனியும் ஜோஃப்பும் ஒரு பக்கம். மேசையில் சீட்டுகளுக்குப் பக்கத்தில் உலகக் கோப்பை.

இதைவிட எனக்குப் பிடித்தது முந்தைய இரவு. இறுதி ஆட்டம் முடிந்து ஊரே கூத்தாடிக்கொண்டிருக்க, ஜோஃப்பும் அவருடைய அறைத்தோழர் கயெத்தானோ ஷிரேயாவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அறைக்குத் திரும்பி, புகைபிடித்தபடி அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம்பாட்டத்துக்குப் போனால் அந்த நாளின் பெருமைக்கு இழுக்கு என்று இருவருக்கும் தோன்றியதாம்.

சரி, பயிற்சியாளர் ஆனது எப்போது?

1983-இல் ஆட்டத்தை நிறுத்தினார். முதலில் யுவென்டஸில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி. 1986-இலிருந்து இத்தாலி ஒலிம்பிக் அணி. சியோல் ஒலிம்பிக்குக்கு அணியைத் தகுதி பெறச் செய்தார். போட்டி தொடங்கும் முன் 1988-இல் யுவென்டஸ் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. ஒலிம்பிக்குக்கு அணியை ஃப்ரான்செஸ்கோ ரொக்கா கொண்டுபோனார்.

பயிற்சியாளராக அவர் எதையும் வெல்லவில்லை என்கிறார்களே?

இது தவறான பேச்சு, கொஞ்சம் கோபமும் வருகிறது. 1989-90 பருவத்தில் யுவென்டஸ் அவர் பயிற்சியில் இரண்டு கோப்பைகள் வென்றது. இத்தாலியக் கோப்பையின் இறுதியில் தோற்றது சாதாரண அணி அல்ல, அந்த ஆண்டு ஐரோப்பாவையே வென்ற மிலான். யூஈஎஃப்ஏ கோப்பையின் இறுதியில் ஃபியோரென்டினா தோற்றது. 1977-இல் வீரராக வென்ற அதே கோப்பையை, அதே கிளப்புக்குப் பயிற்சியாளராகவும் வென்று கொடுத்தார். அந்தப் பருவத்தில் மெஸ்ஸினாவிலிருந்து வந்து அவரிடம் ஆடிய ஸ்கில்லாச்சி, கோடையில் உலகக் கோப்பையின் அதிகக் கோல் அடித்த வீரரானார்.

எந்த நிலையில் அந்தக் கோப்பைகள் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஷிரேயா அப்போது ஜோஃப்பின் துணைப் பயிற்சியாளர். யூஈஎஃப்ஏ கோப்பையில் சந்திக்கவிருந்த குர்னிக் சாப்ஷே அணியைப் பார்த்துவரப் போலந்து சென்றவர், 1989 செப்டம்பர் 3 அன்று சாலை விபத்தில் இறந்தார். வயது 36. மாட்ரிட்டில் ஒரே அறையில் இருந்த அந்த நண்பர். அதன்பின் பருவம் முழுவதையும் ஜோஃப் நடத்திமுடித்தார். முடிந்ததும் கிளப் அவரை அனுப்பிவிட்டுப் புதிய பாணி வேண்டும் என்று மைஃப்ரேதியை வைத்தது. மறு ஆண்டு யுவென்டஸ் ஏழாம் இடம் பிடித்தது.

லாட்சியோவில் பயிற்சியாளரா, தலைவரா? இரண்டு விதமாகவும் படித்தேன்.

இரண்டும். 1990 முதல் 1994 வரை பயிற்சியாளர். கிரான்யோத்தி கிளப்பை வாங்கிய பின் சிக்னோரி, இங்கிலாந்தின் காஸ்கோயின் போன்றோர் வந்தார்கள். அணி படிப்படியாக மேலே ஏறி 1993-இல் ஐந்தாம் இடம், 1994-இல் நான்காம் இடம். அதன்பின் பயிற்சிப் பொறுப்பு ஜெமானுக்குப் போக, ஜோஃப் கிளப்பின் தலைவரானார். 1997 ஜனவரியில் ஜெமான் நீக்கப்பட்டதும் தலைவரே களத்துக்கு இறங்கிப் பருவம் முடியும்வரை அணியை நடத்தினார்.

2001 ஜனவரியில் லாட்சியோவின் பயிற்சியாளர் எரிக்சன் இங்கிலாந்து அணிக்குப் போனபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அணி மூன்றாம் இடம் பெற்றது. கோடையில் நெத்வெத், வெரோன் இருவரும் விற்கப்பட்டார்கள். அடுத்த பருவத்தின் தொடக்கம் சரியில்லை. செப்டம்பரில் ஜோஃப் போக வேண்டியதாயிற்று.

யூரோ 2000 எனும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஜோஃப் பயிற்சி கொடுத்த இத்தாலி தற்காப்பு மட்டும் ஆடியது, அதிர்ஷ்டத்தில் இறுதிக்குப் போனது. சரிதானே?

நெதர்லாந்துடனான அரையிறுதியை மட்டும் பார்த்தவர்கள் இப்படிச் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் 34-ஆவது நிமிடத்தில் சம்ப்ரோத்தா வெளியேற்றப்பட்டார். மீதமிருந்த 86 நிமிடங்களைப் பத்துப் பேர், போட்டியை நடத்தும் நாட்டின் சொந்த அரங்கில் ஆட வேண்டும். தற்காக்காமல் வேறென்ன செய்வது? ஆட்டத்துக்குள் கிடைத்த இரண்டு பெனால்டிகளில் ஒன்றைக் கோல்கீப்பர் தோல்தோ தடுத்தார், இன்னொன்றைக் கிளைவர்ட் கம்பத்தில் அடித்தார். பிறகு பெனால்டி முறையில் இத்தாலி 3-1. தோல்தோ அதிலும் இரண்டைத் தடுத்தார்.

தோல்தோ முதல் தேர்வு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். தொடருக்குச் சற்று முன் நார்வேயோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் புஃபோனுக்குக் கை முறிந்தது. அரையிறுதிக்கு முன் துருக்கி, பெல்ஜியம், ஸ்வீடன், ருமேனியா நான்கையும் இத்தாலி வழக்கமான நேரத்திலேயே வென்றது. வெறும் அதிர்ஷ்டம் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று தராது.

இறுதி ஆட்டத்தில் என்ன நடந்தது? அவர் ஏன் பதவி விலகினார்?

2000 ஜூலை 2, ரோட்டர்டாம், எதிரணி பிரான்ஸ். 55-ஆவது நிமிடத்தில் இத்தாலியின் தெல்வெக்கியோ கோல். இரண்டாவது கோலுக்குத் தெல் பியேரோவுக்கு இரண்டு நல்ல வாய்ப்புகள் கிடைத்துத் தவறின. காயத்துக்காகச் சேர்த்த நேரத்தின் கடைசி வினாடிகளில், இத்தாலியின் மாற்று வீரர்கள் கோட்டோரம் எழுந்து நின்று காத்திருந்த நேரத்தில், வில்தோர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 13-ஆவது நிமிடத்தில் த்ரெசெகே அடித்த தங்க கோலோடு ஆட்டம் அங்கேயே முடிந்தது.

மறுநாள், மிலான் கிளப்பின் உரிமையாளரும் அப்போது எதிர்க்கட்சித் தலைவருமான பெர்லுஸ்கோனி, பிரான்ஸின் ஜிதானைக் கட்டுப்படுத்த ஆள் போடாதது தகுதியற்ற செயல், கற்றுக்குட்டிக்கும் தெரியும் என்று வெளிப்படையாகத் தாக்கினார். ஜூலை 4 அன்று ஜோஃப் பதவி விலகினார். கண்ணியம் பற்றிப் பெர்லுஸ்கோனியிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை என்ற பொருள்பட நான்கு வார்த்தை பேசிவிட்டு எழுந்தார். அதே ஆண்டு வேர்ல்ட் சாக்கர் இதழ் அவரை உலகின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்து இத்தாலி அணிக்கு வந்தவர், யுவென்டஸில் ஜோஃப்பைப் பல ஆண்டுகள் ஆடவைத்த த்ரபத்தோனி.

ஒரு விமர்சனத்துக்காக விலகுவது மிகையில்லையா?

பலரும் இப்படி நினைக்கிறார்கள். என் எண்ணம் வேறு. 1978-இல் கண் தெரியவில்லை என்று எழுதியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய ஆட்டத்தைப் பற்றியது, பதிலை ஆட்டத்தில் சொல்லலாம். 2000-இல் வந்த தாக்குதல், கிளப் முதலாளியும் பிரதமர் பதவிக்குப் போட்டியிடுபவருமான ஒருவரிடமிருந்து வந்தது. தேசிய அணியின் பொறுப்பில் இருப்பவரின் மரியாதையைத் தொட்டது. அதற்குக் களத்தில் பதில் இல்லை. அரசியல்வாதிக்கு அரசியல்வாதியாகப் பதில் சொல்லத் தெரியாதவர் வேறென்ன செய்திருப்பார்?

கடைசியாகப் பயிற்சி கொடுத்தது எங்கே?

ஃபியோரென்டினாவில். 2005 ஜனவரியில் பொறுப்பேற்றபோது அணி கீழே இறங்கும் ஆபத்தில் இருந்தது. கடைசி நாளில் பிரெஷாவை 3-0 என்று வென்று தப்பித்தது. 1961-இல் ஐந்து கோல் வாங்கிய அதே கிளப்.

கோல்கீப்பர்களில் பெரிய பயிற்சியாளர்கள் ஏன் குறைவு?

பயிற்சிக் களத்தில் அவர்கள் தனியாக, தனிப் பயிற்சியாளரோடு வளர்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இத்தாலியிலேயே 1990 உலகக் கோப்பையில் 517 நிமிடம் கோல் வாங்காத வால்டர் சேங்கா பல நாடுகளில் பயிற்சியாளராக அலைந்தார். பெல்கிரேடின் சிவப்பு நட்சத்திர அணியோடு 2006-இல் லீக்கும் கோப்பையும் வென்றார். அதற்குமேல் பட்டியல் நீளாது. ஆனால் தொண்ணூறு நிமிடமும் மைதானம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்ப்பவர் கோல்கீப்பர் ஒருவர்தான். ஜோஃப்பின் அணிகள் கலையாமல் நின்றதற்கு அந்தப் பார்வை உதவியிருக்க வேண்டும்.

அவருடைய ஆட்டத்தில் ஒரே ஒரு காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால்?

1982 ஜூலை 5, பார்சலோனா சர்ரியா அரங்கம், பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். இத்தாலி 3-2 முன்னிலை. சமன் ஆனால் பிரேசில் அரையிறுதிக்குப் போகும். சற்று முன் அந்தோன்யோனி அடித்த நான்காவது கோலை ஆஃப்சைடு என்று மறுத்திருந்தார்கள். ஏதேர் ஃப்ரீ கிக் அடிக்கிறார், ஓஸ்கார் தலையால் முட்டுகிறார், பந்து தாழ்ந்து கோலுக்குப் போகிறது.

பாய்வதைப் பார்க்காதீர்கள், பந்தைப் பாருங்கள். தட்டிவிட்டிருந்தால் பக்கத்தில் நிற்கும் பிரேசில் வீரர் காலில் விழுந்திருக்கும். நாற்பது வயதுக்காரர் அதைக் கோட்டின்மேலேயே பிடித்து நிறுத்துகிறார், கையிலிருந்து அது ஓர் அங்குலம்கூட நழுவவில்லை. பிரேசில் வீரர்கள் கோல் என்று கைகளை உயர்த்துகிறார்கள். அந்தச் சில வினாடிகள் தன் வாழ்க்கையிலேயே நீளமானவை என்று பின்னர் சொன்னார். நடுவர் எங்கே நிற்கிறார், சரியாகப் பார்த்தாரா என்ற பயம். நடுவர் ஆபிரகாம் கிளைன் பார்த்திருந்தார். ஆட்டம் தொடர்ந்தது.